மூன்றாவது மீன்கொத்தி

முதலில் தைத்த மீன்கொத்தி இப்போது சூடான பாத்திரங்களை இறக்கி வைக்கும் துணியாகப் பயன்படுகிறது. அட்டை போல விறைத்து, நடுவில் குழிந்து, ஓரமெல்லாம் சுருங்கிப்போன பறவைக்கு வேறு என்ன வேலை கொடுக்க முடியும்? இரண்டாவது மீன்கொத்தி அலமாரியில் இருக்கிறது; யாருக்கும் காட்டுவதில்லை. மூன்றாவது விற்றுவிட்டது. இந்த மூன்றுக்கும் இடையில் போன ஏழு வாரங்களைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு நானும் என் கணவரும் எம்ப்ராய்டரிக்கு வந்தோம் என்று சொன்னால் அது பாதி உண்மை. நான் 40 ஆண்டுகளாகத் தைக்கிறேன். அலுவலகம் போய்க்கொண்டிருந்த காலத்திலும் இரவில் சிறிது நேரமாவது மெஷின் முன்னால் உட்காராவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அவர் இயந்திர வரைபடங்கள் போடும் பிரிவில் இருந்தவர். ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. ஆனால் ஒரு மில்லிமீட்டரைப் பத்தாகப் பிரித்துப் பேசுவார். கணினியிலிருந்து கோப்பை வாங்கித் தைக்கும் ஒற்றை ஊசி எம்ப்ராய்டரி மெஷின் வீட்டுக்கு வந்ததும் வேலை தானாகவே பிரிந்துகொண்டது. படத்தைத் தையல் கோப்பாக மாற்றுவது அவர் பங்கு. துணி, நூல், ஊசி, மெஷின் எல்லாம் என் பங்கு. அந்தப் பாகப்பிரிவினைதான் எங்கள் முதல் தவறு. அது விளங்குவதற்குள் இரண்டு பறவைகள் போய்விட்டன.

ஒரு படத்தை உள்ளே போட்டால் மெஷின் அப்படியே தைத்துத் தள்ளிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். மெஷினுக்குப் படமே தெரியாது. இவ்வளவு நகர், குத்து. இவ்வளவு நகர், குத்து. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். தொழில்முறை மெஷின்களில் பரவலாகப் புழங்கும் டிஎஸ்டி கோப்பில் நிறம்கூடக் கிடையாது. ‘இங்கே நூலை மாற்று’ என்ற கட்டளை மட்டும் இருக்கும். என்ன நூல் என்பது தைப்பவர் பாடு. நகர்வை எல்லாம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காக அது குறித்து வைக்கிறது என்று படித்ததும் எங்கள் வீட்டு வரைபடக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளோடு இணைந்து வேலை செய்யும் இங்க்ஸ்டிச் என்ற நீட்சியும் இலவசம்தான். அவர் அதில் மூழ்கியவர் பத்து நாள் கழித்துத் தலையைத் தூக்கினார்.

அவர் கொண்டுவந்த கோப்பில் 46,000 தையல்கள், 23 நூல் மாற்றங்கள். துணியை மாட்டிப் பிடிக்கும் சட்டமான எங்கள் ஹூப்பின் அளவு 130 × 180 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 600 தையல் என்று ஓட்டினால் ஊசி குத்தும் நேரம் மட்டும் ஏறத்தாழ 77 நிமிடம். அதற்கு மேல் நூல் மாற்ற 23 முறை எழுந்து போக வேண்டும். எனக்கு முழங்கால் வலி இருப்பது எந்தக் கோப்பிலும் பதிவாகவில்லை.

தைத்து முடித்து ஹூப்பைக் கழற்றியதும் துணி கிண்ணம் போல மடங்கிக்கொண்டது. அலகின் கறுப்புக் கோடு ஒரு பக்கம் அலகை விட்டு 2 மில்லிமீட்டர் விலகி நின்றது. இரண்டு ஊசிகள் உடைந்திருந்தன. ‘மெஷின் சரியில்லை’ என்றார் அவர். ‘படம் சரியில்லை’ என்றேன் நான். அன்று மாலை வரை பேச்சு அதற்கு மேல் போகவில்லை.

மறுநாள் அவரையே கணக்குப் போடச் சொன்னேன். 10 செ.மீ. சதுரம் ஒன்றை 0.4 மி.மீ. இடைவெளியில் வரிசை வரிசையாக நிரப்பினால் 250 வரிசைகள் வரும். ஒவ்வொன்றும் 10 செ.மீ. என்றால் மொத்தம் 25 மீட்டர் நூல். தையல் நீளம் 4 மி.மீ. என்று வைத்தால் 6,250 குத்துகள். ஓர் அடுக்குக்கே இவ்வளவு. அவரோ உடல் முழுவதற்கும் ஒரு நீலம், அதன் மேல் இறக்கைக்கு ஒரு நீலம், அதற்கும் மேல் புள்ளிகளுக்கு ஒரு நீலம் என்று வண்ணம் பூசுவது போல அடுக்கியிருந்தார். பெயிண்ட் காய்ந்தால் தட்டையாகிவிடும், நூல் ஆகாது. மூன்றாவது அடுக்கு வரும்போது ஊசி துணியைக் குத்தவில்லை, நூல் சுவரைக் குத்திக்கொண்டிருந்தது. பிறகு உடையாமல் என்ன செய்யும்?

விலகி நின்ற அலகுக்குக் காரணம் வேறு. தையல் எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையில் துணி உள்ளே இழுபடும். அதற்குக் குறுக்குத் திசையில் பிதுங்கும். திரையில் வட்டமாக வரைந்ததைத் தைத்துப் பார்த்தால் முட்டை வடிவம் வரும். இதற்காக ஓரங்களைச் சிறிது வெளியே தள்ளிப் போட வேண்டும் என்று நான் சொன்னபோது, ‘வரைபடத்தில் இல்லாததை எப்படிப் போடுவது?’ என்று கேட்டார். ரவிக்கை வெட்டும்போது தையலுக்கு விடுவதில்லையா? அதேதான். மென்பொருளிலேயே இதற்கு ஓர் எண் கேட்கும் கட்டம் இருந்தது. அவர் அதை 0 என்று வைத்திருந்தார். எங்கள் துணிக்கு 0.3 மி.மீ. பொருந்தியது. பின்னல் துணிகளுக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படும்.

என் பக்கமும் குற்றம் இருந்தது, மறைக்க விரும்பவில்லை. துணிக்கு அடியில் வைக்கும் ஸ்டெபிலைசர் தாளில், தைத்த பின் கிழித்தெடுக்கும் வகையை ஒரே ஒரு தாளாக வைத்திருந்தேன். பெயர் எழுதுவதற்கும் சிறிய பூவுக்கும் அது போதும். ஆயிரக்கணக்கான தையல்கள் இறங்கும் படத்துக்கு, கத்தரியால் வெட்டி ஓரத்தை மட்டும் நீக்கும் வகைதான் சரி. அது பின்னாலேயே நிலையாக இருந்து துணியைத் தாங்கும். ஹூப்பில் மாட்டியபோது செய்ததும் தவறு. மத்தளம் போல விறைப்பாக இருக்க வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பி, திருகை இறுக்கிய பிறகு துணியின் நான்கு ஓரங்களையும் பிடித்து இழுத்துவிட்டேன். இழுத்த துணி ஹூப்பிலிருந்து விடுபட்டதும் பழைய அளவுக்குத் திரும்பும். அதன் மேல் இறங்கிய தையல் திரும்பாது. சுருக்கம் அங்கேதான் பிறக்கிறது. தொய்வில்லாமல் இருந்தால் போதும், இழுவையே கூடாது.

இரண்டாவது பறவைக்கு எல்லாவற்றையும் திருத்தினோம். வெட்டியெடுக்கும் ஸ்டெபிலைசர் இரண்டு தாள். மேல் அடுக்கு வரும் இடங்களில் கீழ் அடுக்கைக் குடைந்து எடுத்தார். ஒவ்வொரு பகுதிக்கும் கீழே அகலமான இடைவெளியில் அடித்தையல் ஓடும்படி செய்தார். அது துணியையும் தாளையும் முதலிலேயே பிணைத்துவிடுவதால் மேலே வரும் தையல் நகராமல் உட்காரும். கறுப்புக் கோடுகளை எல்லாம் கடைசியில் மொத்தமாகத் தைக்காமல், அந்தந்தப் பகுதி முடிந்ததும் அங்கேயே தைக்கும்படி வரிசையை மாற்றினார். தையல்கள் 27,000 ஆகக் குறைந்தன. 45 நிமிட வேலை.

ஆனால் 11,000ஆவது தையலில் மெஷின் உறுமி நின்றது. ஹூப்பைத் தூக்கப் பார்த்தால் வரவில்லை. அடியில் கத்தரியை விட்டு அறுத்து எடுத்தபோது குருவிக்கூடு போல ஒரு நூல் உருண்டை கையில் வந்தது. அடி நூல் சுற்றியிருக்கும் பாபினின் டென்ஷன், அதாவது நூலின் இறுக்கம்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து, பாபின் கேஸின் சிறு திருகைத் திருப்பப் போனேன். நல்ல வேளையாக நிறுத்திக்கொண்டேன். துணிக்கு அடியில் மேல் நூல் கண்ணி கண்ணியாகத் தொங்கினால் குற்றம் பெரும்பாலும் மேலே இருக்கும் என்பது தையல்காரர்களுக்குத் தெரிந்த சங்கதி. எம்ப்ராய்டரி மெஷினின் பளபளப்பில் அது எனக்கு மறந்துபோயிருந்தது. விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. நான் தொலைபேசியில் இருந்த நேரத்தில், உதவி செய்வதாக நினைத்து அவர் நூலை மாற்றியிருக்கிறார், துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்காமலே. ஃபுட் கீழே இருக்கும்போது டென்ஷன் தட்டுகள் இரண்டும் இறுக மூடியிருக்கும். நூல் அவற்றுக்கு நடுவில் போகாமல் மேலாகவே வழுக்கிக்கொண்டு போகும், பிடிமானமே இருக்காது. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சொல்ல வாய் வரை வந்தது. வயது கருதி விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் முன் சிறு துண்டுத் துணியில் சாட்டின் தையலில், அதாவது இடமும் வலமுமாக நெருக்கி ஓடும் தையலில், ஒரு கம்பம் தைத்துத் திருப்பிப் பார்க்கிறோம். பின்பக்கம் நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளைப் பாபின் நூலும், இரு ஓரங்களில் மேல் நூலும் தெரிந்தால் டென்ஷன் சரி. வெள்ளையே தெரியாவிட்டால் மேல் நூல் தளர்வு. முன்பக்கம் வெள்ளை எட்டிப் பார்த்தால் மேல் நூல் இறுக்கம். இரண்டு நிமிட வேலை. நாங்கள் இரண்டு பறவைகளில் இதைச் செய்யவில்லை.

பத்துத் தையல் பின்னால் போய் மறுபடி தொடங்கி, ஒருவழியாக அதை முடித்தோம். சுருக்கமில்லை, விலகலில்லை. அவர் அளவுகோல் வைத்துப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். எனக்கு என்னவோ சீருடைச் சட்டையில் ஒட்டிய சின்னத்தைப் பார்ப்பது போல் இருந்தது. ஏழு வகை நீல நூல்கள். ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. நில வரைபடத்தில் மாவட்டங்களுக்கு நிறம் கொடுத்திருப்பார்களே, அப்படி.

விடை கிடைத்தது தற்செயலாகத்தான். உதிரி நூல்களை வெட்டுவதற்காகத் துணியை ஜன்னல் ஓரத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது, சோதனைக்குத் தைத்த இரண்டு கட்டங்கள் இரண்டு வெவ்வேறு நீலமாகத் தெரிந்தன. இரண்டும் ஒரே கண்டிலிருந்து வந்த நூல். ஒன்றில் தையல் நெடுக்காக ஓடியது, மற்றதில் குறுக்காக. துணியைத் திருப்பியதும் இருட்டாக இருந்தது வெளிச்சமானது. வெளிச்சமாக இருந்தது இருண்டது. எம்ப்ராய்டரிக்கான பாலியெஸ்டர் நூலின் இழைகளைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இருக்காது. மூன்று மடல்களோடு முக்கோணம் போல இருக்கும். விழும் ஒளியை அது பட்டை தீட்டிய கண்ணாடி போலத் திருப்பி அனுப்புவதால்தான் அந்த மினுக்கு.

அவரிடம் சொன்னபோது அவர் பதிலுக்கு ஒன்று சொன்னார். மீன்கொத்தியின் முதுகில் இருக்கும் நீலமும் சாயம் இல்லையாம். சிறகின் உள்ளே இருக்கும் மிக நுண்ணிய கட்டமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் கிடைக்கும் நிறமாம். மார்பில் இருக்கும் செம்மஞ்சள் மட்டும்தான் நிறமிப் பொருள். முதுகை நூலின் கோணத்தாலும், மார்பை நூலின் நிறத்தாலும் செய்வது என்று அந்த உரையாடலில்தான் முடிவானது. நாங்கள் இருவரும் சேர்ந்து போட்ட முதல் திட்டம் இது. அதுவரை அவர் திட்டம் போட்டார், நான் தைத்தேன்.

ஏழு நீலங்கள் மூன்றாகின. முதுகு, இறக்கை, வால் ஆகியவற்றைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தையல் ஓடும் கோணத்தை 20, 30 பாகை மாற்றி வைத்தார். நூல் மாற்றங்கள் 23 இருந்த இடத்தில் 9 ஆயின. என் முழங்கால் சார்பில் நன்றி தெரிவித்தேன். ஒரே ஒரு எச்சரிக்கை: பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளின் கோணங்கள் மிக நெருக்கமாக இருந்தால் வித்தியாசம் தெரியாது, நேர் எதிராக இருந்தால் சதுரங்கப் பலகை ஆகிவிடும். ஐந்து துண்டுகளில் தைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்தோம்.

மார்பு என் பொறுப்பு. அதை மட்டும் கோப்பில் வெற்றிடமாக விடச் சொன்னேன். என்னுடைய பழைய நேர்த்தையல் மெஷினில், துணியை நகர்த்தும் பற்களை இறக்கிவிட்டு, தையல் நீளத்தை 0 ஆக்கி, துணியைக் கையால் நகர்த்தித் தைப்பேன். அப்போது மெஷின் எனக்குப் பேனா மாதிரி. ஆனால் பேனா நிற்கும், தாள் நகரும். கால் வேகமாகவும் கை நிதானமாகவும் இருக்க வேண்டும். கை முந்தினால் ஊசி வளைந்து தட்டில் இடித்து உடையும். இறகுகள் கழுத்தில் குட்டையாகவும் வயிற்றை நோக்கி நீளமாகவும் படிய வேண்டும். மூன்று செம்மஞ்சள் நூல்கள், அடியில் கொஞ்சம் துருநிறம். ஒன்றின் மேல் ஒன்று இடைவெளி விட்டுக் கலந்தால் நான்காவது, ஐந்தாவது நிறங்கள் தாமாகவே தோன்றும்.

இதற்கு அவர் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. கையால் தைத்தால் மறுமுறை அதேபோல வராதே என்பது அவர் வாதம். வராது என்பதுதான் என் வாதம். அதோடு ஒரு நியாயமான கேள்வியும் கேட்டார்: நடுவில் ஹூப்பைக் கழற்றிக் கொண்டுபோய், துணியை நான் அசைத்த பிறகு, மெஷின் விட்ட இடத்தில் எப்படித் தொடங்கும்? துணியை ஹூப்பிலிருந்து எடுக்காமல், ஹூப்போடு சேர்த்தே என் மெஷினுக்குக் கொண்டுபோனால் ஓரளவு சமாளிக்கலாம். பிரஷர் ஃபுட்டைக் கழற்றிவிட்டால்தான் ஹூப் உள்ளே நுழையும். நுழைத்த பிறகு எம்ப்ராய்டரி ஃபுட்டை மாட்டிக்கொள்ள வேண்டும். இருந்தாலும் துணி மயிரிழையாவது நகரத்தான் செய்யும். ஆகவே வரிசையை மறுபடி மாற்றினோம். கண், அலகு போலத் துல்லியம் தேவைப்படுபவை எல்லாம் எனக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். எனக்குப் பிறகு கிளை, நீர்க்கோடுகள் போன்றவை மட்டும். ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் யாருக்கும் தெரியாது. கோப்பில் மூன்று நிறுத்தங்கள் வைத்தார். அவருடைய நிறப் பட்டியலில் அந்த இடங்களில் நூல் எண் இருக்காது. ‘அவள்’ என்று மட்டும் இருக்கும்.

இந்த வேலைப் பங்கீடு ஒன்றும் புதிதல்ல. 1828இல் ஜோசுவே ஹைல்மான் உருவாக்கிய கை எம்ப்ராய்டரி இயந்திரத்தில், பெரிதாக வரைந்த படத்தின் கோடுகள் மேல் ஒருவர் முள்ளை நகர்த்துவார். வரிசையாக நிற்கும் ஊசிகள் அத்தனையும் அதைச் சிறிதாகப் படியெடுத்துத் தைக்கும். கிழக்கு சுவிட்சர்லாந்தில் 19ஆம் நூற்றாண்டில் இது வீட்டுத் தொழிலாகவே பரவியது. கணவன் இயந்திரத்தை ஓட்டுவான். மனைவியும் பிள்ளைகளும் நாள் முழுக்க ஊசிகளில் நூல் கோத்துக்கொண்டிருப்பார்கள். இதைப் படித்துக் காட்டினேன். எங்கள் வீட்டில் இப்போது நூல் கோப்பவர் அவர்தான். பிரஷர் ஃபுட்டைத் தூக்கிவிட்டு.

மூன்றாவது பறவை ஒரே ஓட்டத்தில் முடிந்தது என்று எழுத ஆசைதான். மார்பு தைக்கும்போது ஓர் ஊசி உடைந்தது. மற்றபடி சொல்லும்படி எதுவுமில்லை. ஸ்டெபிலைசரைச் சுற்றி ஒரு விரற்கடை விட்டு வெட்டி, டர்க்கித் துண்டின் மேல் குப்புறப் போட்டுத் தேய்த்தேன். நேராகத் தேய்த்தால் தையல் நசுங்கி மினுக்குப் போய்விடும். பசை தடவாமல், பலகையின் பின்புறம் குறுக்கும் நெடுக்குமாக நூலால் இழுத்துக் கட்டினோம். கண்ணாடி துணியைத் தொடாதபடி இடையில் சிறு சட்டம் வைத்தார் அவர். அது வரைபடக்காரர் வேலை. மூலைகள் நான்கும் கத்தி போல வந்தன.

விற்பது தனிக் கலை. அதில் நாங்கள் இன்னும் மாணவர்கள். புகைப்படத்தை நேர் வெளிச்சத்தில் எடுத்தால் கோணத்தால் வந்த நிற மாற்றம் எல்லாம் மறைந்து ஒரே நீலமாகத் தெரிகிறது. பக்கவாட்டிலிருந்து ஜன்னல் வெளிச்சம் விழும்படி வைத்து, இரண்டு திசையிலிருந்து இரண்டு படங்கள் எடுக்கிறோம். விலைக்கு முதலில் தையல் எண்ணிக்கையைத்தான் அளவாக வைத்தோம். அது துணியில் பெயர் போட்டுத் தருபவர்களுக்குச் சரி. எங்களுக்கு அதனால் வந்த விபரீதம், 46,000 தையல் கொண்ட கெட்டுப்போன பறவை, 27,000 தையல் கொண்ட நல்ல பறவையைவிட மதிப்புக் கூடியதாகிவிட்டது! இப்போது ஒரு நோட்டுப் புத்தகத்தில் நேரத்தை எழுதுகிறோம்: அவர் கணினியில் உட்கார்ந்த நேரம், நான் மெஷினில் உட்கார்ந்த நேரம், மெஷின் தானாக ஓடிய நேரம். கடைசி நேரத்துக்கு மிகக் குறைவாகவே கணக்கிடுகிறோம். அப்போது யாராவது ஒருவர் பக்கத்தில் காவல் இருக்கத்தான் வேண்டும் என்றாலும், புத்தகம் படிக்க முடிகிறதே. கோப்பு உருவாக்கிய நேரத்தை ஒரே படத்தின் தலையில் கட்டாமல், அந்தக் கோப்பில் தைக்கப்போகும் படங்களுக்குப் பங்கிடுகிறோம்.

‘மெஷின்தானே செய்கிறது?’ என்ற கேள்வி வராத நாளில்லை. ஒரு கண்காட்சியில் இதையே காரணமாகச் சொல்லிக் கைவினைப் பிரிவில் இடம் தரவில்லை. எனக்குக் கோபம், அவருக்குச் சிரிப்பு. ‘முதல் பறவையைக் கொண்டுபோய்க் காட்டலாமா? அதுதான் முழுக்க மெஷின் செய்தது’ என்றார்.

மூன்றாவதை வாங்கியவர் அதேபோல் இன்னும் நான்கு கேட்டார். முதுகு அதேபோல் வரும், மார்பு வராது என்று எழுதினோம், சம்மதித்தார். இன்னொருவர் புகழ்பெற்ற கார்ட்டூன் உருவம் ஒன்றைக் கேட்டார். உரிமை நம்முடையது அல்லாத உருவத்தைத் தைத்து விற்கக் கூடாது என்று மறுத்தோம். விலைக்கு வாங்கும் டிசைன் கோப்புகளிலும், தைத்த பொருளை விற்கலாமா என்பதற்குத் தனி நிபந்தனை இருக்கும். அதைப் படிக்காமல் வாங்கி, வீட்டில் மட்டுமே வைத்துக்கொள்ளக்கூடிய நான்கு மேசை விரிப்புகள் என்னிடம் இருக்கின்றன.

இன்னும் கைக்கு அகப்படாதது அலகில் இருக்கும் மீன். அதன் செதிலுக்கு ஜரிகை நூல் போட்டுப் பார்க்கிறோம். 75 எண் ஊசியில் பத்துத் தையலுக்கு ஒருமுறை பிய்ந்தது. காது அகலமான 90 எண் ஊசிக்கு மாற்றி, வேகத்தை 400க்குக் குறைத்து, முறுக்கு விழாதபடி கண்டை மெஷினிலிருந்து தள்ளி நிமிர்த்தி வைத்த பிறகு கொஞ்சம் பரவாயில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அடுத்த அறையில் மெஷின் நின்று ஒலி எழுப்பியது. மூன்றாவது நிறுத்தம், என் முறை என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனேன். நிறுத்தம் இல்லை, ஜரிகை மறுபடி அறுந்திருந்தது. அவர் ஏற்கெனவே ஃபுட்டைத் தூக்கிவிட்டு நூல் கோத்துக்கொண்டிருந்தார்.